மரணத்துக்குப் பிறகு உயிர் இருக்கிறதா? வாசகர் கேள்விகளும் ஒரு தத்துவ ஆசிரியரின் பதில்களும்

கேள்வி: ஐயா, இதயம் நின்று பிழைத்தவர்களில் சிலர், மேலே மிதந்தபடி தங்கள் உடலையே பார்த்ததாகச் சொல்கிறார்கள். இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

பதில்: அவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்குவது தவறு. நெதர்லாந்தின் இதயநோய் மருத்துவர் பிம் வான் லொம்மல் குழுவினர் 344 நோயாளிகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட கட்டுரையில், 62 பேருக்கு ஏதோ ஒருவகை மரண விளிம்பு அனுபவம் இருந்தது; உடலை விட்டு மிதந்ததாகச் சொன்னவர்கள் அவர்களில் ஒரு பகுதியினர்தான். ஆனால் அது மூளை ஓய்ந்திருந்த நேரத்திலேயே நிகழ்ந்ததா, நினைவு திரும்பும்போது உருவானதா? இதைச் சோதிக்க மருத்துவர் சாம் பர்னியா குழுவினர் அருமையான வழி ஒன்றைக் கண்டார்கள். கூரையருகே தட்டுகள் பொருத்தி, மேலிருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்களை அவற்றில் வைத்தார்கள். பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியா ஆகிய நாடுகளில் 15 மருத்துவமனைகள். பதிவானவை 2,060 இதய நிறுத்தங்கள். 2014இல் முடிவு வெளியானது. சிகிச்சையின்போது நடந்தவற்றைக் கண்டும் கேட்டும் இருந்ததாக விவரித்தவர்கள் இருவர்தான். அவர்களில் ஒருவர் சொன்னது நடந்தவற்றோடு பொருந்தியது. இருவருக்குமே இதயம் நின்றது தட்டு இல்லாத இடத்தில்! ஆகவே படத்தைப் பார்த்தவர் எவருமில்லை. பார்க்கத் தவறினார்கள் என்றும் சொல்ல வழியில்லை.

இன்னொன்று: மீண்டு வந்தவர்கள் இறப்பின் விளிம்பைத் தொட்டவர்கள். விளிம்புக்கு அப்பால் என்ன என்பதற்கு அவர்களுடைய சாட்சியம் போதாது.

கேள்வி: பிறந்த குழந்தைக்குப் பால் குடிக்க யார் கற்றுக்கொடுத்தார்கள்? முற்பிறவிப் பழக்கம்தானே?

பதில்: பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் வாதம் இது. எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. எதிர்வாதியும் அங்கேயே பேசுகிறார்: இரும்பு காந்தத்தை நோக்கிப் போகிறதே, அதற்கும் முற்பிறவி உண்டா? நியாயத்தாரின் பதில்: இரும்பு காந்தத்திடம் மட்டுமே போகிறது, எனவே அதற்கென்று ஒரு காரணம் இருந்தாக வேண்டும், குழந்தையின் விருப்பத்துக்கும் அப்படியே, விருப்பம் பழக்கத்தால் வருவதையே நாம் காண்கிறோம்.

அன்றைய அறிவுக்கு இது வலுவான தர்க்கம். இன்று பரிணாமவியல் இன்னொரு காரணத்தைத் தருகிறது: பால் குடிக்கும் உந்துதலோடு பிறந்த மூதாதை உயிர்களே பிழைத்துப் பெருகின, குழந்தை பெற்றது அவற்றின் மரபு. அதனால் முற்பிறவி பொய்யாகிவிடாது. ஆனால் அதை விட்டால் வேறு வழியில்லை என்ற கட்டாயம் போய்விட்டது.

கேள்வி: மூளை செத்தால் அறிவும் செத்தது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

பதில்: தம்பி, மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரில் மணிமேகலையிடம் பூதவாதி, அதாவது நிலம், நீர் முதலிய பூதங்களே எல்லாம் என்பவன், சொன்னதும் இதுதான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்தால் மதுவின் களிப்புப் பிறக்கிறது. பூதங்கள் கூடினால் அப்படியே உணர்வு பிறக்கிறது. அவை பிரிந்தால் பறையோசைபோல் அடங்கிவிடுகிறது. காட்சி ஒன்றே அளவை, அதாவது நேரில் காண்பதே அறியும் வழி, என்றும் அவன் சொன்னான். அனுமானம் இல்லாமல் உன் தாய் தந்தையரை எப்படி அறிவாய் என்று அவள் கேட்டாள். காட்சி மட்டும் போதாது என்பதற்கு அந்த ஒரு கேள்வியே போதும்.

உங்களிடம் நான் கேட்பது வேறு. மது ஏன் மயக்குகிறது என்று வேதியியல் படிப்படியாக விளக்கும். நரம்பணுக்களின் மின்னோட்டம் ஏன் வலியாக உணரப்படுகிறது என்பதற்கு அப்படியொரு விளக்கம் இன்னும் இல்லை. இங்கே நம்பிக்கையாளர்கள் அவசரப்படுகிறார்கள். உணர்வு உடலிலிருந்து வேறானதாக இருக்கலாம் என்பது ஒரு படி. உடல் அழிந்த பிறகும் அது இருக்கிறது என்பது அடுத்த படி. முதற்படிக்கு நல்ல வாதங்கள் உள்ளன. இரண்டாவதற்குத் தனிச் சான்று வேண்டும்.

கேள்வி: முற்பிறவியை நினைவுகூரும் குழந்தைகள் அந்தத் தனிச் சான்று ஆக மாட்டார்களா?

பதில்: ஆகக்கூடும். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 2,000-க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைத் திரட்டினார். அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலானவற்றில் ஆய்வாளர் வருவதற்கு முன்பே இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசியிருந்தன. குழந்தை சொன்னதை முதலில் எழுதிவைத்து, பிறகு சரிபார்த்தவை மிகச் சில. அந்தச் சிலவற்றைத்தான் நான் பொருட்படுத்துவேன்.

கேள்வி: என் கணவர் காலமாகிவிட்டார். அவரை மீண்டும் பார்ப்பேனா? ஆவியோடு பேச வைப்பதாக ஒருவர் சொல்கிறார், போகலாமா?

பதில்: அம்மா, பார்ப்பீர்கள் என்று உறுதி சொல்ல என்னிடம் நிரூபணம் இல்லை. மாட்டீர்கள் என்பதற்கும் எவரிடமும் இல்லை. ஆன்மாவின் அழியாமைக்குக் காட்டப்பட்ட நிரூபணங்களை 1781இல் மறுத்த ஜெர்மன் தத்துவ அறிஞர் கான்ட், 1788இல் அதே அழியாமையை அறவாழ்வுக்குத் தேவையான ஓர் ஏற்பாக முன்வைத்தார். நிரூபிக்க முடியாததை நியாயமாக நம்பலாம் என்பதற்கு அவர் ஒரு பெரிய துணை. அந்த நம்பிக்கைக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

அந்த மனிதரிடம் மட்டும் போகாதீர்கள். அவர் முதலில் உங்களிடமே பேச்சுக் கொடுத்து விவரங்களை வாங்கி, பிறகு அவற்றையே உங்கள் கணவரின் குரலாகத் திருப்பிச் சொல்வார். துக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. அடுத்த முறை அவர் அழைத்தால் உங்கள் பிள்ளைகளையோ உடன்பிறந்தவர்களையோ பேசச் சொல்லுங்கள். பணம் எதுவும் கொடுக்காதீர்கள்.