பாவம், ஒற்றை ஆள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மென்பொருள்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். நானும் ஒரு வருடமாகச் சின்னச் சின்ன மதிப்புரைகள் எழுதிவருகிறேன். பெரிய நிறுவனங்களின் செயலிகளைப் பற்றி எழுத ஏராளமான பேர் இருக்கிறார்கள். அதனால் தனியாளாகவோ இரண்டு மூன்று பேராகவோ சேர்ந்து செய்யும் புதிய மென்பொருள்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது கையில் இருப்பது ஒரு குறிப்பெழுதும் செயலி. செய்தவர் ஒருவர்தான். வேலை முடிந்து இரவுகளில் உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதியிருக்கிறார். அழகாக இருக்கிறது, வேகமாகவும் இருக்கிறது. ஆனால் தேடினால் சில நேரம் பாதிதான் கிடைக்கிறது. குறிப்புகளைத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து பார்த்தபோது ஓரிரண்டு குறைவதுபோலத் தோன்றியது. என் தவறாகவும் இருக்கலாம். பாவம், ஒற்றை ஆள், இதையெல்லாம் எழுதி அவர் மனதை உடைக்க வேண்டுமா என்று அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். வரைவை இணைத்திருக்கிறேன்.

பெரிய நிறுவனத்தையும் தனியாளையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமா? அவர் எனக்கு இலவச லைசென்ஸ் கொடுத்தார், வாங்கிக்கொண்டது தவறா? மூன்று நட்சத்திரமா, நான்கா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

வரைவைப் படித்தேன். முதல் பத்தி நன்றாக வந்திருக்கிறது. அந்த மனிதர் எந்த எரிச்சலில் இந்தச் செயலியைத் தொடங்கியிருப்பார் என்பதை நாலே வரியில் பிடித்துவிட்டீர்கள். அது எல்லோருக்கும் வராது.

ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். ஏற்றுமதியில் குறிப்புகள் குறைகின்றன என்ற செய்தி யாருக்குத் தெரிய வேண்டும்? செய்தவருக்கும், வாங்கப்போகிறவருக்கும். இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டிலும் சேராத எனக்குத் தெரிகிறது. நான் அந்தச் செயலியை இறக்கிக்கூடப் பார்த்ததில்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். லைசென்ஸ் வாங்கியதில் தவறில்லை, வாங்கியதை மதிப்புரையில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான். நட்சத்திரம் எனக்குப் பிடிக்காத சமாச்சாரம். பத்தாயிரம் பேர் மதிப்பிட்டு 4.2 வாங்கிய செயலிக்கு நீங்கள் ஒற்றை நட்சத்திரம் கொடுத்தால் அந்தச் சராசரி நான்காவது தசம இடத்தில்தான் அசையும். நாலு பேர் ஐந்து ஐந்து கொடுத்த புதிய செயலிக்கு அதே ஒன்றைக் கொடுத்தால் ஐந்திலிருந்து 4.2க்கு விழும். ஒரே விரல், ஒரே அழுத்தல்தான். இதில் மூன்றா நான்கா என்று உட்கார்ந்து யோசிக்கும் நேரத்துக்கு இன்னொரு முறை ஏற்றுமதி செய்து பார்த்திருக்கலாம்.

அளவுகோல் கேள்விக்கு வருகிறேன். அதைவிட உங்கள் 'பாவம்' என்ற சொல்லுக்கு வருகிறேன் என்பதே சரி. கொஞ்ச நாளாகவே அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

உங்கள் கைபேசியில் இருக்கும் செயலிகளில் பல தங்கள் தகவல்களை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில்தான் வைத்திருக்கும். ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது. இன்றும் அதன் மையக் குழு கைவிரல்களுக்குள் அடங்கும். அவர்களே சொல்லும் கணக்குப்படி, மென்பொருளின் நிரலைப் போலச் சுமார் 590 மடங்கு அதைச் சோதிப்பதற்கான நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். இணையத்திலிருந்து ஒன்றை எடுத்துவர உலகமெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் கர்ல், 1998இலிருந்து டேனியல் ஸ்டென்பெர்க் விடாமல் பராமரித்துவருவது. நிரல் எழுதப் பயன்படும் விம் எடிட்டரை 1991இல் வெளியிட்ட ப்ராம் மூலெனார் 2023இல் இறக்கும்வரை அதன் பொறுப்பை விடவில்லை. இவர்களில் யாரிடமாவது போய், பாவம் சின்ன ஆள், தகவல் கொஞ்சம் தொலைந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிப் பாருங்கள். அவமானப்படுத்திவிட்டதாகத்தான் நினைப்பார்கள். நினைப்பதில் தப்பும் இல்லை.

ஆக, பயனாளர் எழுதிவைத்தது தொலையக் கூடாது என்ற ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான். அதில் வயது, ஆள் பலம், இரவு வேலை எதுவும் செல்லாது.

சலுகை கொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. அங்கேதான் நம் விமர்சகர்கள் கறாராக நிற்கிறார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். புதிதாக வந்த மென்பொருளை விண்டோஸில் நிறுவப் போனால் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்ற அதன் பாதுகாப்பு வசதி குறுக்கே வந்து, அடையாளம் தெரியாத செயலி என்று எச்சரிக்கும். அந்தக் கோப்பை இன்னும் அதிகம் பேர் இறக்கவில்லை, அல்லது வெளியிட்டவருக்கு இன்னும் பெயர் சேரவில்லை என்றாலும் அந்த எச்சரிக்கை வரும். வைரஸைக் கண்டுபிடித்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. ஆனால் மதிப்புரையில் எப்படி வருகிறது? 'நிறுவும்போதே பாதுகாப்பு எச்சரிக்கை, ஜாக்கிரதை.' முடிந்தது அந்த மனிதரின் கதை. ஆப்பிள் கணினிகளில் இந்த மாதிரித் தடை வராமலிருக்க வருடத்துக்கு 99 டாலர் கட்டிப் பதிவுசெய்துகொள்ள வேண்டும், ஒரு பிரதிகூட விற்காவிட்டாலும். இதெல்லாம் தெரிந்து எழுத வேண்டும். ஐந்து மொழிகளில் இல்லை, கைபேசிக்கு வரவில்லை, மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் வந்தது என்ற குறைகளும் இந்த வகைதான். செய்கிறேன் என்று அவர் சொல்லாததைச் செய்யவில்லை என்று திட்டுவது விமர்சனத்தில் சேராது. சொன்னதைச் செய்திருக்கிறாரா, அதைப் பாருங்கள்.

சரி, நான் யோக்கியனா? அதையும் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்பு நானும் உங்களைப் போலவே ஒரு பத்தியை நீக்கினேன். அதுவும் குறிப்பெழுதும் செயலிதான், அங்கேயும் ஒற்றை ஆள்தான். மடிக்கணினியிலும் கைபேசியிலும் ஒரே குறிப்புகள் இருக்கும்படி ஒத்திசைத்துக்கொள்ளும். ஒரு பயணத்தில், இணையம் கிடைக்காத நேரத்தில் கைபேசியில் ஒரு பத்தி எழுதினேன். பிறகு மடிக்கணினியில் அதே குறிப்பைத் திறந்து இரண்டு சொற்களைத் திருத்தினேன். கைபேசிக்கு இணையம் கிடைத்ததும் இரண்டும் பேசிக்கொண்டன. என் பத்தி காணாமல் போயிற்று. கடைசியாகச் சேமித்தது எதுவோ அது முந்தையதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டது. ஒரு எச்சரிக்கை கிடையாது, பழைய பிரதி கிடையாது.

எனக்கு அது அன்றே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். செய்தவர் எனக்கு அவ்வளவு பணிவாக எழுதியிருந்தார். சம்பளம் வந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். அதனால் மதிப்புரையில், 'ஒத்திசைவு பொதுவாக நன்றாகவே வேலை செய்கிறது' என்று எழுதினேன். என் பத்தி தொலைந்த கதை முழுவதும் அந்தப் 'பொதுவாக'வுக்குள் பதுங்கியிருந்தது.

நாலு மாதம் கழித்து ஒரு பெண்மணி எழுதினார். என் மதிப்புரையைப் படித்துவிட்டு வாங்கியவர். ஆய்வுக்காக எடுத்த நேர்காணல் குறிப்புகளில் ஏழெட்டு இடங்களில் பத்திகள் இல்லை, எப்போது போயின என்றுகூடத் தெரியவில்லை என்றார். திட்டவே இல்லை. 'நீங்கள் இதைக் கவனிக்கவில்லையா?' என்று மட்டும் கேட்டிருந்தார். இரண்டு நாள் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் திறந்து திறந்து மூடினேன்.

அப்புறம் அதைச் செயலி செய்தவருக்கு அனுப்பி, நானும் பார்த்தேன், உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அவர்தான் திட்டினார். 'பார்த்துவிட்டா சும்மா இருந்தீர்கள்? இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பயன்படுத்திப் பார்க்க என்னிடம் ஆள் கிடையாது. நீங்கள்தான் அந்த ஆள் என்று நம்பித்தான் லைசென்ஸ் அனுப்பினேன்.' அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. பிழையைச் சரிசெய்ய அவருக்கு மூன்றே நாள்தான் ஆயிற்று. ஒரே குறிப்பு இரண்டு பக்கமும் மாறியிருந்தால் எதையும் அழிக்காமல், இரண்டாவதை முரண்படும் பிரதி என்று தனியாக வைத்துவிடுவது. அந்த மூன்று நாள் வேலை தொடங்க நாலு மாதம் ஆனதற்குக் காரணம் என் நல்ல மனசு.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அவருடைய செயலியை நான் இன்னும் பயன்படுத்துகிறேன்.

உங்கள் வரைவில் நான்காவது பத்தியில், 'தேடல் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது' என்று ஒரு வாக்கியம் வருகிறது. அந்தப் 'பெரும்பாலும்' என் 'பொதுவாக'வுக்குத் தம்பி. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது.

மனம் உடைந்துவிடும் என்கிறீர்கள். எந்த மாதிரி எழுத்து மனதை உடைக்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். எக்ஸ்இசட் என்று கோப்புகளைச் சுருக்கும் கருவி ஒன்று உண்டு. லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருப்பது, ஏறக்குறைய ஒருவரே சம்பளமில்லாமல் பராமரித்துவந்தது. 2022இல் அவருக்குக் கடிதங்கள் வந்தன. ஏன் இவ்வளவு தாமதம், அக்கறை போய்விட்டதா, முடியவில்லை என்றால் வேறொருவரிடம் கொடுங்கள் என்கிற தொனியில். தன் மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாமல் பொழுதுபோக்காகச் செய்யும் வேலை என்று அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். அந்தக் கடிதங்களே அவரை அசைப்பதற்காகப் பொய்ப் பெயர்களில் எழுதப்பட்டவை என்றுதான் இன்று பலரும் கருதுகிறார்கள். உதவிக்கு என்று வந்து நம்பிக்கையைச் சம்பாதித்த இன்னொருவர் மெல்லப் பொறுப்பில் பங்கு பெற்றார். 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்த ஆள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார்.

அதைக் கண்டுபிடித்தது யார்? ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று அவருக்கு உறுத்தியது. விடாமல் அதன் பின்னாலேயே போய், 2024 மார்ச் 29 அன்று எந்தப் பதிப்பில், எந்த இடத்தில், எப்படி என்று எல்லோருக்கும் எழுதினார். அந்தக் கடிதத்தில் கோபமும் கிடையாது, பரிதாபமும் கிடையாது. அரை வினாடி இருந்தது.

முதல் வகைக் கடிதங்கள் முழுக்க ஆளைப் பற்றியவை. ஃப்ராய்ண்ட் எழுதியது பொருளைப் பற்றியது. உங்கள் 'பாவம்' எதில் சேரும் என்று யோசித்தீர்களா? நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். அதுவும் ஆளைப் பற்றியதுதான். திட்டுகிறவனும் பரிதாபப்படுகிறவனும் செயலியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அதைச் செய்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத்தைப் பாருங்கள். தன் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொன்னால் 2008 வரை 2.56 டாலருக்குக் காசோலை அனுப்பிவந்தார். தான் எழுதிய டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் பிழை கண்டால் அதே 2.56இல் தொடங்கி தொகையை வருடா வருடம் இரட்டிப்பாக்கி 327.68 டாலரில் நிறுத்தினார். காசோலை வாங்கியவர்களில் நிறையப் பேர் அதை வங்கியில் போடவே இல்லை, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். பிழை சொன்னால் மனம் உடையும் என்று அங்கே யாரும் பயப்படவில்லை. எல்லோரும் கனூத் இல்லைதான். உங்கள் இரவு நிரலாளர் ஒரு வேளை முகம் சுளிக்கலாம், ஒரு வாரம் பதில் எழுதாமலும் இருக்கலாம். இருக்கட்டுமே.

வரைவை இப்போது வெளியிட வேண்டாம். செயலியைத் திறந்து மொத்தம் எத்தனை குறிப்புகள் என்று பாருங்கள். ஏற்றுமதி செய்யுங்கள். ஃபோல்டரில் எத்தனை கோப்புகள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். தோன்றியது, தோன்றவில்லை என்பதெல்லாம் வேண்டாம், எண்ணுங்கள். குறைந்தால் எது குறைகிறது என்று தேடுங்கள். தலைப்பே இல்லாத குறிப்பா? தலைப்பில் சாய்கோடு இருந்ததா? ஒரே தலைப்பில் இரண்டு குறிப்புகளா? எனக்குக் கடைசியில்தான் சந்தேகம். தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் செயலிகளில் இரண்டாவது கோப்பு வந்து முதலாவதன் மேல் உட்கார்ந்துவிடுவது உண்டு. 'நாளை' என்ற தலைப்பில் மூன்று புதிய குறிப்புகளை உருவாக்கி ஏற்றுமதி செய்து பாருங்கள். ஒன்றுதான் வந்தால், அது உங்கள் தவறு இல்லை.

கண்டுபிடித்ததைப் பதிப்பு எண்ணோடு, செய்த வரிசையிலேயே அவருக்கு முதலில் எழுதுங்கள். 'தங்கள் அரும்பணி' என்று தொடங்க வேண்டாம். பத்து நாள் கொடுங்கள். சரிசெய்தால் அதையும், செய்யாவிட்டால் அதையும் மதிப்புரையில் சேர்த்து வெளியிடுங்கள். முதல் பத்தியில் கை வைக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.

மூன்று 'நாளை'களில் எத்தனை வந்தன என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.