டல்லாஸில் வந்த சிக்னல் ஸ்மோக்கி மலையில் ஏன் வரவில்லை?

கேள்வி: டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். சென்ற ஆண்டு பழைய டிராவல் டிரெய்லர் ஒன்று வாங்கினோம். அதோடு முக்காலியில் வைக்கும் டிஷ் நெட்வொர்க் 1000.2 ஆன்டெனாவும் வாலி ரிசீவரும் வந்தன. வீட்டு டிரைவ்வேயில் வைத்துப் பார்த்தபோது படம் பளிச்சென்று வந்தது. டிஷ்ஷில் எதையும் மாற்றாமல் டென்னசியில் கிரேட் ஸ்மோக்கி மலையின் எல்க்மாண்ட் முகாமுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஃபைண்டர் கருவி கத்துகிறது, ரிசீவரோ சிக்னல் இல்லை என்கிறது. ஜூனில் ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். மறுபடி அங்கேயே போகிறோம். அப்பாவுக்கு ராத்திரி டிவி இல்லாமல் முடியாது. தானாகவே தேடிக்கொள்ளும் டோம் ஆன்டெனா வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் டிஷ்ஷில் கோளாறு எதுவும் தெரியவில்லை. அதை டல்லாஸ் கணக்கிலேயே வைத்துத் திருப்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அப்புறம் எல்க்மாண்டில் மரங்கள் வேறு. இந்த இரண்டாவது தொல்லையை டோம் வாங்கினாலும் தீர்க்க முடியாது.

உங்கள் டிஷ் ஒரே நேரத்தில் மூன்று இடங்களைப் பார்க்கிறது: மேற்குத் தீர்க்கரேகை 110, 119, 129 டிகிரிகளில் நிற்கும் சாட்டிலைட்கள். மூன்றும் பூமத்திய ரேகைக்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு அசையாமல் நிற்பதுபோல் இருக்கின்றன. இடம் மாறுவது நாம்தான். நடுவில் உள்ள 119-ஐ மட்டும் எடுத்துக்கொள்வோம். பிளேனோவிலிருந்து அது அடிவானத்துக்கு மேல் 45 டிகிரி உயரத்தில், உண்மை வடக்கிலிருந்து வலச்சுற்றாக 217 டிகிரி திசையில் இருக்கிறது. எல்க்மாண்ட் உங்கள் வீட்டுக்கு 13 டிகிரி கிழக்கே. அங்கிருந்து அதே 119 வெறும் 34 டிகிரி உயரத்துக்கு இறங்கி, 231 டிகிரி திசைக்கு நகர்ந்துவிடுகிறது. இந்த அளவு டிஷ்ஷுக்கு ஒன்றிரண்டு டிகிரி தப்பினாலே சிக்னல் போய்விடும். நீங்கள் உயரத்தில் மட்டும் 11 டிகிரி தப்பில் இருந்தீர்கள். முக்காலியை எவ்வளவு பொறுமையாகச் சுற்றியிருந்தாலும் 119 சிக்கியிருக்காது.

சரி, ஃபைண்டர் ஏன் கத்தியது? எல்க்மாண்டில் டிஷ்ஷை 45 டிகிரி உயரத்தில் வைத்துத் தெற்கிலிருந்து மேற்காகத் திருப்பினால், 208 டிகிரி திசையில் ஒரு சாட்டிலைட் கச்சிதமாக மாட்டும். அது 101 டிகிரி, போட்டி நிறுவனமான டைரக்ட்டிவியின் இடம். நீங்கள் பிடித்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஃபைண்டருக்குச் சிக்னலின் பலம் மட்டும்தான் தெரியும், அது யாருடைய சிக்னல் என்று தெரியாது. இருபது டாலர் ஃபைண்டரை நம்பி மாலைப்பொழுதைத் தொலைப்பவர்கள் எல்லா முகாம்களிலும் இருக்கிறார்கள். எந்த சாட்டிலைட் என்று சொல்லக்கூடியது உங்கள் ரிசீவர் மட்டும்தான். டிவியை வெளியிலிருந்து தெரியும்படி திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் உள்ளே நின்று திரையை வாசிக்க, ஒருவர் வெளியே டிஷ்ஷைத் திருப்பலாம்.

இனி ஜூனுக்கு வருவோம். முகாமில் வண்டியை நிறுத்தியதும் டிஷ்ஷை எடுக்காதீர்கள், முதலில் வானத்தைப் பாருங்கள். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அந்த முட்டியின் அகலம் கிட்டத்தட்ட 10 டிகிரி. தென்மேற்கில் அடிவானத்திலிருந்து முட்டிமேல் முட்டியாக மூன்றரை எண்ணுங்கள். அந்த இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு முட்டி அகலத்துக்கு, இலை இல்லாத வெறும் வானம் தெரிய வேண்டும். நடுவில் ஒரு கிளை வந்தாலும் போச்சு. இந்த அலைவரிசைக்கு ஈர இலை சுவர் மாதிரி. குளிர்காலத்தில் மொட்டைக் கிளைகளுக்கு நடுவே சிக்னல் வந்த அதே இடத்தில் ஜூனில் வராது.

எல்க்மாண்டில் சிக்கல் எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அந்தப் பள்ளத்தாக்கில் டூலிப் பாப்லர் மரங்கள் நூறடிக்கு வளரும். 34 டிகிரி உயரத்தில் இருக்கும் சாட்டிலைட்டை அப்படி ஒரு மரத்தின் உச்சிக்கு மேலாகப் பார்க்க வேண்டுமானால் டிஷ் மரத்திலிருந்து கிட்டத்தட்ட 150 அடி தள்ளி இருக்க வேண்டும். டல்லாஸின் 45 டிகிரியில் நூறடி போதும். இன்னும் வடகிழக்கே, மெய்ன் மாநிலத்தின் அகேடியாவுக்குப் போனால் 119 வெறும் 19 டிகிரியில் கிடக்கும். அங்கே நாற்பதடி மரத்துக்கே 120 அடி தள்ளிப் போக வேண்டியிருக்கும். அதனால்தான் கிழக்கு மாநிலங்களில் நெடுநாள் சுற்றுகிறவர்கள் 61.5, 72.7 டிகிரிகளைப் பார்க்கும் 1000.4 டிஷ்ஷுக்கு மாறிக்கொள்கிறார்கள். எல்க்மாண்டிலிருந்து 61.5 தென்கிழக்கில் 42 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அகேடியாவிலிருந்து கூட 38 டிகிரி. ஒரே ஒரு பயணத்துக்காக நீங்கள் மாற வேண்டியதில்லை. ஆனால் கிழக்கே போவது வழக்கமாகிவிட்டால், அந்தக் காசை டோமில் போடுவதைவிட இதில் போடுவது மேல்.

எனவே முகாமில் இடம் முன்பதிவு செய்யும்போதே தென்மேற்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பல இடங்களுக்குப் படம் இருக்கும். சாட்டிலைட் வரைபடத்தில் மரக்கூட்டத்தின் நிழலைப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும். எல்க்மாண்டில் திறந்த இடம் கிடைக்கவில்லை, டிவி இல்லாமலும் முடியாது என்றால், டவுன்சென்ட் பக்கம் வெட்டவெளியில் இருக்கும் தனியார் ஆர்வி முகாம் ஒன்றைப் பிடியுங்கள். அங்கே மின் இணைப்பும் கிடைக்கும். எல்க்மாண்டில் அது கிடையாது. ஜெனரேட்டருக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு.

இடம் சரி என்று தெரிந்த பிறகு டிஷ் வேலை அரை மணி நேரம்தான். ரிசீவரின் ‘பாயின்ட் டிஷ்’ திரையில் முகாமின் ஜிப் கோடைக் கொடுங்கள். எல்க்மாண்டுக்கு கேட்லின்பர்க்கின் 37738 போதும். உயரம், திசை, சாய்வு (டிஷ் இடமோ வலமோ சாயும் அளவு) என்று மூன்று எண்கள் வரும். நான் மேலே கொடுத்தவை 119-க்கு மட்டும் போட்ட கணக்கு. டிஷ்ஷின் அளவுகோலில் வைக்க வேண்டியது ரிசீவர் காட்டும் எண்ணைத்தான், அது கொஞ்சம் வேறுபடலாம்.

பலர் அவசரப்படும் இடம் முக்காலி. நடுக்கம்பம் செங்குத்தாக இல்லையென்றால் உயர அளவுகோல் சொல்வது எல்லாம் பொய். அதோடு, டிஷ்ஷைப் பக்கவாட்டில் திருப்பத் திருப்ப உயரமும் தானாக மாறிக்கொண்டே போகும். முக்காலியோடு வரும் குமிழியை நம்பாமல், சின்ன ரசமட்டம் ஒன்றைக் கம்பத்தின் மேலேயே வைத்து, தெற்கு முகமாக ஒருமுறை, மேற்கு முகமாக ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் குமிழி நடுவில் நிற்கும்வரை காலைச் சரிசெய்யுங்கள். பிறகு முக்காலியின் நடுவில் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் காற்றுக்கு அசையாது.

திசைக்கு வருவோம். ஸ்மோக்கி மலைப் பகுதியில் காந்த வடக்கு, உண்மை வடக்கிலிருந்து 5 டிகிரிக்கு மேல் மேற்கே விலகியிருக்கிறது. அதனால் உண்மைத் திசை 231 என்றால் திசைகாட்டியில் 236-ஐ ஒட்டிப் பார்க்க வேண்டும். டல்லாஸில் விலகல் எதிர்ப்பக்கம். அங்கே 217-க்குக் காந்தமுள் 215-ஐ ஒட்டிக் காட்டும். ஐபோனில் ‘ட்ரூ நார்த்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை எந்த நிலையில் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். டிஷ்பாயின்டர் போன்ற செயலிகள் உண்மைத் திசை, காந்தத் திசை இரண்டையும் காட்டும். எதை எடுத்தாலும் டிரெய்லரையும் காரையும் விட்டுப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். அத்தனை இரும்புக்குப் பக்கத்தில் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

திசைகாட்டியே வேண்டாம் என்றால் சூரியன் இருக்கிறது. சூரியனின் நிலையைக் காட்டும் செயலியில், அது 231 டிகிரிக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். ஜூன் நடுவில் எல்க்மாண்டில் பிற்பகல் 2.35 சுமாருக்கு அது நடக்கும். அந்த நிமிடத்தில் கம்பத்தின் நிழல் விழும் கோட்டில் தரையில் ஒரு குச்சியைப் போட்டுவையுங்கள். நிழலுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் உங்கள் திசை. எனக்குப் பிடித்த முறை இதுதான். ஆனால் அந்த நேரத்தில் சூரியன் நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை டிகிரி நகரும், அசந்துவிடக் கூடாது.

டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து உயரத்தை எடைபோடாதீர்கள். இந்த டிஷ்களில் எல்என்பி, அதாவது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் பகுதி, நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கிறது. அதனால் டிஷ் கிட்டத்தட்ட நேராக நிமிர்ந்து நிற்பதுபோல் தெரிந்தாலும், அது பார்ப்பது அதற்கு இருபது டிகிரிக்கும் மேலே. ‘இவ்வளவு தாழ்ந்து நிற்கிறதே’ என்று தூக்கிவிட்டால் கெட்டது.

உயரத்தையும் சாய்வையும் எண்படி இறுக்கிவிட்டு, பக்கவாட்டில் மட்டும் திருப்புங்கள். எதிர்பார்க்கும் திசைக்குப் பதினைந்து டிகிரி கிழக்கே ஆரம்பித்து, டிஷ்ஷின் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகரும் அளவுக்குத் தள்ளி, கையை எடுத்துவிட்டு நான்கைந்து வினாடி நில்லுங்கள். ரிசீவர் யோசிக்கும் நேரம் அது. நிற்காமல் திருப்பினால் சிக்னலைத் தாண்டிப் போய்விட்டு இல்லை என்பீர்கள். பட்டை பச்சையாகி 119 பிடிபட்டதாகத் திரை சொன்னதும், இரு பக்கமும் லேசாகத் தள்ளி உச்சத்தைக் கண்டுபிடியுங்கள். அதே போல் உயரத்திலும் ஒரு மயிரிழை. பிறகு 110-ஐயும் 129-ஐயும் பாருங்கள். 119 நன்றாக இருந்து மற்ற இரண்டும் மோசமென்றால் சாய்வு சரியில்லை என்று அர்த்தம். கடைசியாக ரிசீவரில் ‘செக் ஸ்விட்ச்’ சோதனையை ஓட்டிவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் திரையில் பூஜ்யம்தான் என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். பழைய டிரெய்லர்களில் வெளியே இரண்டு கோஆக்ஸ் முனைகள் இருக்கும்: ஒன்று முகாமின் கேபிள் டிவிக்கு, மற்றது சாட்டிலைட்டுக்கு. முதலாவது, சுவரில் பச்சை விளக்கு எரியும் ஆன்டெனா பூஸ்டர் வழியாகப் போகும். சாட்டிலைட் சிக்னல் அதைத் தாண்டாது. ரிசீவர் எல்என்பிக்கு அனுப்பும் மின்சாரமும் போகாது. டிரைவ்வேயில் சரியான முனையில் மாட்டியவர் முகாமில் அவசரத்தில் மாற்றி மாட்டுவது சகஜம். ஜன்னல் வழியாக ஒரே ஆர்ஜி-6 கேபிளை டிஷ்ஷிலிருந்து நேராக ரிசீவருக்கு இழுத்துப் பாருங்கள். அதில் வந்தால் குற்றவாளி டிரெய்லருக்குள் இருக்கிறான். கேபிளைக் கழற்றி மாட்டும் முன் ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

டோம் யாருக்கு? தினம் ஓர் ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு அது வரம். பொத்தானை அழுத்தினால் தானே தேடிக்கொள்ளும். உங்களைப் போல ஓர் இடத்தில் நான்கு நாள் தங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை. உள்ளே இருக்கும் டிஷ் சிறியது, அதனால் மழையில் சீக்கிரம் விழும். உங்கள் டிஷ் போல மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு நேரத்தில் ஒரு சாட்டிலைட்டைத்தான் பார்க்கும். கூரையில் பொருத்திவிட்டால் நிழலில் வண்டியை நிறுத்தவும் முடியாது. முக்காலி என்றால் வண்டி மரத்தடியில் குளுகுளுவென்று நிற்கும். நூறடி கேபிளோடு டிஷ்ஷை வெயிலுக்குக் கொண்டுபோகலாம்.

எல்லாச் சேனலும் வந்து, டல்லாஸ் உள்ளூர்ச் சேனல்கள் மட்டும் வராவிட்டால் டிஷ்ஷைத் தொடாதீர்கள். அவை குறுகிய கற்றையில் உங்கள் ஊர்ப்பக்கம் மட்டும் இறங்குகின்றன, டென்னசிக்கு எட்டாது. கணக்கில் இருக்கும் முகவரியைப் பயணத்துக்காக மாற்றித் தரும்படி கேட்டால் அந்த ஊர்ச் சேனல்கள் வரும்.

அப்பா பார்ப்பது தமிழ்ச் சேனல் என்றால், புறப்படும் முன்பே டிஷ் நெட்வொர்க்கை அழைத்து, அது எந்த சாட்டிலைட்டிலிருந்து வருகிறது, 1000.2 அதைப் பார்க்குமா என்று கேளுங்கள். இந்திய மொழிப் பேக்கேஜ்களுக்கென்று வீட்டில் தனி டிஷ் வைத்த காலம் உண்டு. பார்க்காது என்று சொன்னால் இணையம்தான் வழி. ஆனால் எல்க்மாண்டில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. நான்கு நாளைக்கு வேண்டிய தொடர்களையும் இரண்டு மூன்று படங்களையும் பிளேனோவிலேயே டேப்லெட்டில் இறக்கிவிடுங்கள்.