பிக்கப் வண்டியில் நாமே பொருத்தும் மின்சாமான்கள்: கேள்வி-பதில்

தோவாளை வாசகர்: ராத்திரி பூ லோடு ஓட்டுகிறேன். டேஷ்போர்டில் இன்னொரு செல்போன் சார்ஜிங் பாயின்ட் வைக்க எங்கிருந்து கரன்ட் எடுக்கலாம்?

சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு ஃப்யூஸை மல்டிமீட்டரில் கண்டுபிடித்து, அதில் 'ஃப்யூஸ் டாப்' (ஃப்யூஸ் இடத்தில் செருகி இன்னொரு ஒயர் எடுக்கும் துண்டு) செருகி எடுங்கள். 5 ஆம்பியர் ஃப்யூஸ் தாராளம். ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர் ஃப்யூஸ்கள் பக்கம் போகவே கூடாது. அளந்து முடித்த பின், செருகும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

மார்த்தாண்டம் வாசகர்: ரிவர்ஸ் கேமராவில் படம் நன்றாக வருகிறது. பிரேக் மிதித்தால் மட்டும் ஆடுகிறது. கேமராவை மாற்றவா?

வேண்டாம். கேமராவுக்கு டெயில் லைட்டின் எர்த்தையே கொடுத்திருப்பீர்கள், அது துருப்பிடித்திருக்கும். பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் தகட்டில் கேமராவுக்குத் தனி எர்த் போல்ட் அடியுங்கள். மேலே கிரீஸ் பூசுங்கள்.

தக்கலை வாசகர்: பல சத்தம் போடும் ஏர் ஹாரன் வைக்க என்ன ரிலே?

எந்த ரிலேயும் வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 119 அதைத் தடுக்கிறது. கம்பெனி ஹாரனே போதும்.

குளச்சல் வாசகர்: மீன் இறக்க பின் பாடியில் 48 வாட் எல்இடி லைட் இரண்டு போட்டேன். 15 ஆம்பியர் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது, அதுவும் பள்ளத்தில் இறங்கும்போதுதான். இப்போது 30 போட்டிருக்கிறேன், பிரச்சினை இல்லை. லேசாக ஒரு வாடை மட்டும் வருகிறது, அண்ணாச்சி.

அந்த வாடை ஒயர் வேகிற வாடை. இதைப் படித்ததும் போய் பேட்டரியிலிருந்து அந்த ஒயரைக் கழற்றுங்கள்; மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வராத மாதமில்லை. ஃப்யூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. உங்கள் இரண்டு லைட்டும் சேர்ந்து 96 வாட், 12 வோல்ட்டில் சுமார் 8 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃப்யூஸ் அதற்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பள்ளத்தில் மட்டும் போகிறது என்றால் ஒயர் எங்கோ உரசித் தோல் போய் பாடியைத் தொடுகிறது. ஃப்யூஸ் அதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் அதன் வாயை அடைத்துவிட்டீர்கள். நீங்கள் இழுத்திருப்பது 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயராக இருந்தால், 30 ஆம்பியர் ஃப்யூஸ் உருகுவதற்குள் ஒயரின் தோல் உருகிவிடும். பக்கத்திலேயே டீசல் பைப்.

ஒயரின் இரண்டு முனையையும் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒயரிலும் மறு முனையை பாடியிலும் வைத்து, பீப் நிலையில் ஒயரை முழுநீளமும் ஆட்டிப் பாருங்கள். எங்கே சத்தம் போடுகிறதோ அங்கேதான் காயம். பெரும்பாலும் கேபின் துவாரத்தில் ரப்பர் புஷ் இருக்காது, அல்லது சேஸிஸ் விளிம்பில் கிளிப் இருக்காது. அங்கே ஒட்டுப் போடாமல் புது ஒயர் இழுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர், வரிக்குழாய்க்குள் போட்டு, ஒரு அடிக்கு ஒரு கிளிப். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து அரை அடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது.

இன்னொன்று, மீன் வண்டிக்காரர்கள் அத்தனை பேருக்கும். ஐஸ் தண்ணீரோடு உப்பும் ஒழுகுகிறது. முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பில் அது புகுந்து, செம்பைப் பச்சையாக்கி, இழைகள் வழியாக உள்ளேயே ஏறிவிடும். வெளியே ஒயர் புதுசு போலத் தெரியும். உள்ளே பொடிப்பொடியாய் இருக்கும். டேப் வேண்டாம். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நுழைத்து அழுத்தி), உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். படகுக்கு விற்கும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கிடைத்தால் இன்னும் நல்லது.

குலசேகரம் வாசகர்: மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லாமல் வண்டி ஐந்து நாள் நின்றது. ஸ்டார்ட் ஆகவில்லை. டேஷ் கேமராதான் காரணமா?

பார்க்கிங் மோடில், அதாவது வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கும்படி, ஓடவிட்டிருந்தால் ஆம். சுமார் 0.3 ஆம்பியர் என்றாலும் நாளைக்கு 7 ஆம்பியர்-மணி, ஐந்து நாளில் 35. உங்கள் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. கேமரா தானாக அணையும் கட்-ஆஃபை 12.2 வோல்ட்டில் வையுங்கள். வண்டி நாள்கணக்கில் நிற்குமென்றால் பார்க்கிங் மோடே வேண்டாம்.

நாகர்கோவில் வாசகர்: ஆம்ப்ளிஃபயர் போட்டேன், சத்தம் வரவில்லை. என்ன செய்ய?

தம்பி, என்ன வண்டி, லைட் எரிகிறதா, முனையில் எத்தனை வோல்ட், எதுவும் எழுதவில்லை. ஸ்டீரியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்ய வரும் ரிமோட் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். அது வராவிட்டால் ஆம்ப்ளிஃபயர் விழிக்காது. அதன் பிறகும் வராவிட்டால், அளந்த வோல்ட்டோடு எழுதுங்கள்.

ஆரல்வாய்மொழி வாசகர்: 300 வாட் இன்வெர்ட்டரை சிகரெட் லைட்டர் பாயின்ட்டில் செருகி டிரில் மெஷின் ஓட்டலாமா?

கூடாது. 300 வாட்டுக்கு இழப்பும் சேர்த்து 30 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தப் பாயின்ட் 10 அல்லது 15-க்கு மேல் தாங்காது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், அரை அடிக்குள் 40 ஆம்பியர் ஃப்யூஸ், இன்ஜின் ஓடும்போது மட்டும். ஒயர் 10 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.