சிரட்டைத் தண்ணியும் சிக்கன்குனியாவும்

கேள்வி: அண்ணாச்சி, 2007-ல சிக்கன்குனியா வந்தப்போ எங்க தோட்டத்து லைன் வீடுகள்ல ஒரு வீடு விடாம எல்லாரும் படுத்துட்டோம், கத்தி புடிக்க விரல் மடங்காம மூணு மாசம் நான் வெட்டுக்கே போகல. அதுக்கப்புறமும் அதே இடவப்பாதி தென்மேற்குப் பருவமழை, அதே கொசுதான், ஆனா அந்தக் காய்ச்சல் அப்படி ஊரோட திரும்ப வரலியே, ஏன்?
– ரப்பர் வெட்டுற வாசகி, ஆரியங்காவு

பதில்: அக்கா, பாதி காரணம் உங்க ரத்தத்துலயே இருக்கு. சிக்கன்குனியா ஒரு தடவை வந்துட்டா அனேகமா ஆயுசுக்கும் எதிர்ப்பு சக்தி நிக்கும். லைன்ல முக்கால்வாசி பேர் அப்படி ஆயிட்டா, நோயாளிய கடிச்ச கொசு அடுத்து யார கடிச்சாலும் அனேகமா கிருமி அங்கயே முடிஞ்சிடுது, சங்கிலி அறுந்துடும். இந்தியப் பெருங்கடல்ல இருக்குற ரீயூனியன் தீவுல 2005-06-ல மூணுல ஒருத்தருக்கு வந்துச்சு, அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் பெருசா ஒண்ணும் இல்ல, 2025-ல திரும்ப தீவு முழுக்க புடிச்சுக்கிச்சு. இடையில பொறந்த பிள்ளைங்க யாருக்கும் அந்த எதிர்ப்பு கிடையாதே. உங்க லைன்ல 2007-க்கு அப்புறம் பொறந்ததுங்க எத்தனைன்னு எண்ணிப் பாருங்க, எனக்கு அதுதான் பயம்.

மீதி காரணம் மழையும் சூடும். கொசு உறிஞ்சின கிருமி அதோட வயித்துல பெருகி எச்சிலுக்கு வர சில நாள்லேர்ந்து ஒரு வாரத்துக்கு மேலகூட ஆகும், குளிர்ல இழுக்கும், வெதுவெதுப்புல சீக்கிரம் முடிஞ்சிடும், கொசுவுக்கு ஆயுசே ரெண்டு மூணு வாரம்தானே, அதுக்குள்ள முடியணும். ரொம்ப கொதிச்சாலும் கொசு சாகும். பேய்மழை கொசுப்புழுவ அடிச்சிட்டு போயிடும், விட்டு விட்டு பெய்யுற மழைதான் மோசம். மழைக்கு வெட்டு நிறுத்தினப்போ மரத்துல நிமிர்ந்தபடி விட்ட, பால் புடிக்கிற சிரட்டைய எட்டிப் பாருங்க, காஞ்ச பால் மேல ரெண்டு விரல்கடை தண்ணி, அதுல நெளியும். கால்ல வெள்ளை வரி போட்ட கொசு அதுலேர்ந்துதான் வருது, பகல்ல தோட்டத்துலயே கடிக்கும். முட்டை சிரட்டை ஓரத்துல ஒட்டி மாசக்கணக்கா காஞ்சு கிடந்தாலும் அடுத்த மழைக்கு பொரிக்கும், அதனால கவுத்துறதுக்கு முன்னாடி உள்பக்கம் நல்லா தேய்ச்சிடுங்க.

இன்னொண்ணு, சிக்கன்குனியா வந்தவங்களுக்கு டெங்கு வராதுன்னு ஊர்ல சொல்றது தப்பு. டெங்குல நாலு வகை, ஒண்ணு வந்தா அந்த ஒண்ணுக்குத்தான் காலத்துக்கும் காப்பு, ரெண்டாவதா வேற வகை வந்தா முன்னவிட கடுமையா போக வாய்ப்பு அதிகம். அதனால காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தா, ரத்தம் பார்த்து டெங்கு இல்லன்னு தெரியுற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும் போடுங்க, கடையில கேட்டு வேற வலி மாத்திரை வாங்கிடாதீங்க அக்கா.