வீட்டில் கார்டியாலஜி படி என்கிறார்கள். எனக்குத் தொற்றுநோய்ப் பிரிவுதான் பிடித்திருக்கிறது

கேள்வி: எம்.டி. பொது மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். தொற்றுநோயில் டி.எம். என்ற மேல்படிப்பை முடித்து, மருத்துவக் கல்லூரியிலேயே பாடம் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியும் செய்ய ஆசை. அதில் பிழைப்பு நடக்குமா? இப்போதிருந்தே என்ன செய்ய வேண்டும்?

பதில்: பிழைப்புக்குக் குறை இருக்காது. ஆனால் கார்டியாலஜி அளவுக்கு வருமானம் எதிர்பார்க்காதீர்கள். ஸ்டென்ட் வைப்பது, ஸ்கோப் போடுவது மாதிரி தனிக் கட்டணம் வாங்கும் வேலை எங்களிடம் இல்லை. நோயாளியிடம் பேசுவதும் உடம்பை முழுக்கப் பார்ப்பதும் யோசிப்பதும்தான் எங்கள் தொழில். வீட்டில் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

போன மழைக்காலத்தில் ஐ.சி.யூ.வில் இருந்து ஒரு ரெஃபரல் வந்தது. வயல்வேலை செய்யும் அம்மா. எட்டு நாள் காய்ச்சல், பிளேட்லெட் குறைவு, மூச்சுத் திணறல். டெங்கு இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. மெரோபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் மூன்றாம் நாளாக ஏறிக்கொண்டிருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. கூட வந்த பி.ஜி. மாணவியைத் திரை போட்டுவிட்டு அக்குள், இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்புறம், மார்புக்கு அடியில் எல்லாம் பார்க்கச் சொன்னேன். இடது மார்பின் அடி மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருகிய ஒரு சிறு புண். வலி இல்லாததால் அந்த அம்மாவுக்கே தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸின் அடையாளம் அது; நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். மெரோபெனம் எத்தனை நாள் ஏற்றினாலும் அந்தக் கிருமியிடம் பலிக்காது.

கண்டுபிடித்ததோடு கல்லூரி மருத்துவரின் வேலை முடிவதில்லை. இந்த நோய்க்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து மட்டும் போதுமா, அசித்ரோமைசினும் சேர்க்க வேண்டுமா என்று வார்டுகளில் வருஷக்கணக்காகப் பேச்சு ஓடியது. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் ஏழு மையங்களில் ஏறத்தாழ 800 நோயாளிகளை வைத்து அதை ஆராய்ந்தார்கள். நோய் தீவிரமாக இருந்தால் இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பதே மேல் என்ற முடிவு 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. அந்த அம்மாவுக்கு நாங்கள் கொடுத்ததும் அந்த இரண்டும்தான். இப்படி ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் என்றால், இந்தப் பிரிவு உங்களுக்கானது.

படிப்புக் கணக்கு: எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, டி.எம். மூன்று, ஆக பதினொன்றரை ஆண்டு. டி.எம். நுழைவுத் தேர்வு, டெல்லி எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.-எஸ்.எஸ்., மற்ற இடங்களுக்கு நீட் எஸ்.எஸ். இடங்கள் குறைவு.

இப்போது உங்கள் கையில் இருப்பது எம்.டி.க்கான ஆய்வேடு, அதாவது தீசிஸ். அதை ஒப்பேற்றிவிடாதீர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986-ல் ஒரு எம்.டி. மாணவியின் தீசிஸால்தான் தெரியவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, செல்லப்பன் நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி சேகரித்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி இல்லாததால் ஐஸ்பெட்டியில் வைத்து ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். இங்கே அந்த நோய் இருக்காது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் வார்டில் அடிக்கடி வரும், ஆனால் யாரும் கணக்கெடுக்காத ஒரு காய்ச்சலைத் தலைப்பாக எடுங்கள். புள்ளியியல் அறிந்தவரிடம் தரவு சேகரிக்கும் முன்பே போய் உட்காருங்கள்; முடித்துவிட்டுப் போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வேலைக்குச் சேரும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் தொற்றுநோய்க்கெனத் தனித் துறை கிடையாது. பொது மருத்துவ யூனிட்டில் போட்டுவிடுவார்கள். ஓ.பி., அட்மிஷன், வகுப்பு என்று வாரம் கழிந்துவிடும். கட்டுரை எழுத இரவுதான் மிஞ்சும். ஆராய்ச்சிக்கென வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று பேசி, எழுத்தில் வாங்குங்கள். இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகள் தரும் ஆராய்ச்சி ஃபெலோஷிப்கள் சம்பளத்தோடு அந்த நேரத்தையும் வாங்கித்தரும்.

அதுவரை, தினமும் ரவுண்ட்ஸ் முடிந்ததும் மைக்ரோபயாலஜி லேபுக்கு ஒரு நடை போய்வாருங்கள். நீங்கள் அனுப்பிய பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) என்னவாயிற்று என்று கிருமி வளர்க்கும் பிளேட்டை வாங்கி உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அங்கிருக்கும் டெக்னீஷியன்கள் சொல்லித்தருவதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.