மருதநாயகம் நல்லவரா, கெட்டவரா என்று கேட்கும் பத்து வயது மகளுக்கு என்ன பதில் சொல்வது?

இஸ்லாத்தைத் தழுவி யூசுப் கான் ஆன மருதநாயகத்தைக் கான் சாகிபு என்றும் சொல்வார்கள். அந்தப் பெயரைத் தாங்கிய கான்சா மேட்டுத் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் மகள் இப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். மதுரைக் குழந்தைகள் பலருக்கும் அவர் அந்த வழியாகத்தான் அறிமுகமாகிறார். நான் ஆய்வாளன் அல்லன். இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். எந்தச் சாதிக்கோ மதத்துக்கோ வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரை எடுத்தாலே அப்படி ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது.

நல்லவர், கெட்டவர் என்ற இரண்டில் ஒன்றை அவளிடம் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி, ஒரு குழந்தையிடம் தலைகுனிந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பில் பாளையக்காரர் பாடம் நடத்தும்போதெல்லாம், பாடநூலில் இல்லாவிட்டாலும் கான் சாகிபு கதையை நானாகச் சேர்த்துக்கொள்வேன். இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த ஒருவர் கும்பினியின் (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) படையில் சிப்பாயாகச் சேர்ந்து, தளபதியாக உயர்ந்து, 1759-இல் பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையிலிருந்து சென்னைக் கோட்டை மீளத் துணைநின்று, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகத்தையே கையில் பெற்று, பிறகு தமக்கு மேலே ஆற்காடு நவாப் முகமது அலி உட்கார்ந்திருப்பதைப் பொறுக்காமல் 1763-இல் கும்பினியையும் நவாபையும் ஒருசேர எதிர்த்து, மதுரைக் கோட்டைக்குள் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்தார் என்று சொல்லும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். உடனிருந்தவர்களே காட்டிக்கொடுத்து, 1764 அக்டோபர் 15 அன்று அவர் தூக்கிலிடப்பட்டதைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஓர் ஆண்டு அந்த அமைதியைக் கலைத்து ஒரு பெண் எழுந்தாள். திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர் பூலித்தேவர் ஆண்ட நெற்கட்டும்செவல் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மதுரைக்கு வந்த குடும்பம். "ஐயா, பூலித்தேவர் கோட்டையைப் பிடிச்சது இவர்தானே? எங்க தாத்தா சொல்லியிருக்காரு" என்றாள். ஆமாம், 1761-இல் கும்பினிக்காக அந்தக் கோட்டைகளைப் பிடித்தவர் இவர்தான், ஆனால் பின்னாளில் மனம் மாறிக் கும்பினியையே எதிர்த்தார் அல்லவா என்றேன். "கடைசியில எதிர்த்துட்டா, முன்னாடி செஞ்சது இல்லன்னு ஆயிடுமா, ஐயா?" என்று கேட்டாள். "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனம் மாறினார் என்பதற்கு என்னிடம் என்ன சான்று இருந்தது? அதிகாரம் கைநழுவுவதைக் கண்டு எதிர்த்தாரா, அந்நியர் ஆட்சி தவறென்று உணர்ந்து எதிர்த்தாரா என்று யோசிக்காமலேயே ஆண்டுதோறும் தீர்ப்பு வழங்கி வந்திருக்கிறேன்.

அடுத்த வாரம் அவளிடம் வகுப்பறையிலேயே, எல்லாரும் கேட்க, நான் பதில் சொல்லாமல் நழுவியதை ஒப்புக்கொண்டேன். பிறகு ஆளுக்கொரு கடிதம் எழுதச் சொன்னேன்: 1759-இல் சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு கும்பினி அதிகாரி, 1761-இல் நெற்கட்டும்செவல் குடியானவர், 1763-இல் நவாப், 1764-இல் முற்றுகைக்குள் சிக்கிய மதுரை நெசவாளி. நவாபாக எழுதிய பையன், "வேலைக்கு வைத்தவன் வீட்டையே கேட்கிறான்" என்று பொருமியிருந்தான். நெசவாளிகளில் பாதிப்பேர் யார் வென்றாலும் சரி, அரிசி வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. உங்கள் மகளுக்கும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எந்த ஆண்டு, யாருக்கு, என்ன செய்தார் என்று தனித்தனியாக. பத்து வயதுக்கு இது அதிகம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் தன்னை அடித்த மாமாவே தனக்கு சைக்கிள் வாங்கித் தந்ததையும் மறக்காத வயதுதான் அது.

இடையில் ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். ஒருவரின் இரு பக்கங்களையும் எழுதிய விடைத்தாளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டதற்காக, திருத்தும் முகாமில் மேலே இருந்தவர் விடைக்குறிப்பைத் தூக்கிக் காட்டி, ஐந்தை இரண்டாக்கினார். இப்படி இருந்தால் பிள்ளைகள் எங்கே எடைபோடப் பழகுவார்கள்?

அந்த ஆண்டு சம்மட்டிபுரத்தில் உள்ள அவருடைய அடக்கத்தலத்துக்குப் பிள்ளைகளை டவுன் பஸ்ஸில் அழைத்துப் போனேன். அந்தப் பெண் உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள். நானும் வற்புறுத்தவில்லை. அவர் உடலைத் துண்டாக்கித் திருச்சிக்கும் தஞ்சைக்கும் பாளையங்கோட்டைக்கும் அனுப்பினார்கள் என்ற செவிவழிச் செய்தியை உள்ளே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "பாளையங்கோட்டைக்கு எதுக்கு அனுப்பினாங்க, ஐயா? எங்க ஊர்க்காரங்க பார்த்துப் பயப்படவா, சந்தோஷப்படவா?" என்று கேட்டாள்.