யாரும் போய்ப் பார்க்காத நட்சத்திரத்தைக் கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது வெறும் ஊகம்தானே?

ஊகத்தில்தான் ஆரம்பிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தப்பாக இருந்தால் கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும் ஊகம். எனக்கு அது உறைத்தது முதுகலை ப்ராஜெக்டில், நானே மாட்டிக்கொண்டபோது.

1987 பிப்ரவரியில், நம் பால்வீதிக்குப் பக்கத்திலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில், ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரியவந்தது. தூரம் ஏறக்குறைய 1,68,000 ஒளியாண்டு. இருந்தும் தென்கோளத்தில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. பெயர் எஸ்என் 1987ஏ. வெடித்த சூடு ஆறிய பிறகும் அது மாதக்கணக்கில் ஒளிர்ந்ததற்குக் காரணம் கதிரியக்கம். வெடிப்பில் பிறந்த நிக்கல்-56, ஆறு நாள் அரை ஆயுளில் (அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம்) கோபால்ட்-56 ஆகிறது. கோபால்ட் 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. அப்போது கிளம்பும் காமாக் கதிர்கள் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்க, அதுதான் நமக்கு வெளிச்சமாக வந்து சேர்கிறது.

அந்த வெளிச்சம் மங்கும் வளைவைக் கணினியில் வரைவது என் வேலை. இருபது வரி ப்ரோக்ராம். ஓட்டிப் பார்த்தால், தொலைநோக்கியில் அளந்த புள்ளிகள் நிதானமாக இறங்குகின்றன. என் கோடு சறுக்குமரத்தில் போகிறது. 200-வது நாளில் இருக்கவேண்டிய வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. இரண்டு நாள் புதிய இயற்பியல் ஏதாவது அகப்படுமா என்று தேடினேன் (அந்த வயது அப்படி). கடைசியில் பார்த்தால், எக்ஸ்பொனென்ஷியல் சூத்திரத்தில் கோபால்ட் அணுவின் சராசரி ஆயுளான 111 நாளைப் போடவேண்டிய இடத்தில் அரை ஆயுளைப் போட்டிருக்கிறேன். மாற்றியதும் கோடு புள்ளிகள்மேல் போய் உட்கார்ந்தது. கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதை வைத்து நிக்கலின் அளவும் கிடைத்துவிடும்: சூரிய நிறையில் சுமார் 0.07 பங்கு. கிட்டத்தட்ட 23,000 பூமிகளின் நிறை!

சரி, என் தப்பு சில்லறைத் தப்பு. இதே நட்சத்திரத்தில் பெரிய நிபுணர்களின் கணினி மாதிரிகளும் இடறின. வெடித்த நட்சத்திரம் வெங்காயம்போல அடுக்கடுக்காக இருக்கும், நிக்கல் நட்டநடுவில் கிடக்கும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தார்கள். அப்படியானால் மேலே உள்ள ஹைட்ரஜன் விரிந்து மெலியும்வரை எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் வெளியே வர வழியில்லை. ஆனால் ஆறே மாதத்தில், ஆகஸ்டிலேயே, ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோளும் சோவியத்தின் மிர் விண்வெளி நிலையத்துக் கருவியும் எக்ஸ் கதிரைப் பிடித்துவிட்டன. நிறமாலையில் கைரேகைபோல கோபால்ட்டுக்கே உரிய காமாக் கோடும் எதிர்பார்த்ததற்கு முன்பே தெரிந்தது. அப்புறம்தான் புரிந்தது: வெடிப்பிலேயே அடுக்குகள் கலங்கி, நிக்கல் விரல் விரலாக வெளியே நீண்டிருக்கிறது. அகச்சிவப்பில் தெரிந்த இரும்பின் கோடுகள் நொடிக்கு 3,000 கி.மீ. வேகம் காட்டியதும் இதோடு பொருந்தியது. உள்ளே யாரும் போகவில்லை. கணக்கு பொருந்தாததால்தான் உள்ளே நடந்தது தெரிந்தது.

கோள்களிலும் இதே கதைதான். 2022-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 700 ஒளியாண்டு தள்ளியிருக்கும் வாஸ்ப்-39பி என்ற கோளின் வளிமண்டலத்தில் ஊடுருவி வந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தது. கார்பன் டை ஆக்சைடு எதிர்பார்த்த இடத்தில் இருந்தது. பக்கத்தில், 4 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி, ஒப்பிட்டுப் பார்த்த கணக்குகளில் இல்லாத ஒரு மேடு. அந்தக் கோள் சுற்றும் நட்சத்திரத்தின் புறஊதா ஒளி நீராவியை உடைக்கும், அந்தத் துண்டுகள் கந்தகத்தோடு சேரும் என்ற வேதியியலையும் மாதிரியில் சேர்த்த பிறகுதான் மேடு பொருந்தியது. சல்ஃபர் டை ஆக்சைடு. பட்டாசு வெடித்தால் மூக்கைக் காந்துமே, அதே வாயு.